உஷார்! ஏலத் தோட்ட ஜீப்பில் ஏறுகிறீர்களா?

தோட்ட வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிகளே, அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களே, கவனமாகப் படியுங்கள். ஆபத்து மலைப்பாதையில் மட்டும் இல்லை. தோட்டத்துக்குள்ளும் இருக்கிறது!

உத்தமபாளையம் பக்கத்து அக்கா ஒருவர். விடியுமுன்னே தூக்குவாளியோடு கம்பம்மெட்டு ஏறுகிறவர். தூரில் படர்ந்து கிடக்கும் சரத்தில் பழுத்த காயை மட்டும் அவர் கை தானாகத் தேடி எடுக்கும். அப்படி ஒரு வேலைக்காரி. அவர் போன தோட்டத்தில் கழிவறை கிடையாது. செடி மறைவுக்குப் போகக் கூச்சம். அட்டைக்கடி, பாம்பு பயம் வேறு. என்ன செய்தார்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்! காலையில் குடித்த காபியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும் வரை வாய் நனையாது. நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று நினைத்து வெந்தயத்தை விழுங்கிச் சமாளித்தார். அப்புறம் குளிர்காய்ச்சல், விலாவில் வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை!

லீவு கேட்டதற்குக் கங்காணி சொன்ன பதில், "ஆளா கிடைக்காது?"

கிடைத்தது. ஆனால் அடுத்த எடுப்புக்கு அந்த அக்கா வேறு தோட்டம் பார்த்துக்கொண்டார். கூட வந்த பெண்களும் அவரோடு போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பிஞ்சு, பழம் பார்க்காமல் உருவிப் போட்டார்கள். போடி ஏலத்தில் அந்தக் காய்க்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? ஒரு கழிவறைச் செலவை மிச்சம் பிடித்த லட்சணம்! முதலாளிமார்களும் உஷார். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததும் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது மறந்துபோச்சா?

இதெல்லாம் கண்ணில் பட்டால் சுதாரித்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் ஆளை அடைக்கிறார்களா? போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறாதீர்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும்! மருந்து அடித்த ஈரம் காயுமுன் காய் எடுக்கச் சொல்கிறார்களா? தலைச்சுற்றல், குமட்டல், கண் எரிச்சல் வந்தால் பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, துணி மாற்றி, டாக்டரிடம் போங்கள். மருந்து டப்பாவின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். கழிவறை கேட்டால் சிரிக்கிறார்களா? தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லியாயிற்று.

இன்னொன்று. இது பலருக்குத் தெரியாது. முதலாளி அனுப்பும் ஜீப்பும் பணியிடம்தான்! டிரைவரோ கங்காணியோ கை வைத்தால், இரட்டை அர்த்தத்தில் பேசினால், 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கேயும் செல்லும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆள் குறைவென்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு எழுதுங்கள். நடந்த நாளிலிருந்து 3 மாதம்தான் கெடு. தள்ளிப்போடாதீர்கள்!