விலையை முடிவு செய்வது இரண்டாவது ஆள்

பழைய காமிக்ஸை இணைய ஏலத்தில் விற்பவர்கள் எப்போது விற்க வேண்டும், என்ன விலையில் தொடங்க வேண்டும்?

2014 ஆகஸ்ட் 14 அன்று ஈபே தளத்தில் ஒரு பழைய காமிக்ஸ் ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 99 சென்ட். 1938-இல் 10 சென்ட்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் அது. சூப்பர்மேன் அறிமுகமான இதழ். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்தபோது விலை 32,07,852 டாலர்.

அடிமட்ட விலையில் தொடங்கு, ஞாயிறன்று முடி, மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்வது சுலபம். அந்தப் பாடத்தை நம்பி 1990-களின் சாதாரண இதழ் ஒன்றை அதே 99 சென்ட்டுக்கு, அதே ஞாயிறு மாலையில் ஏலம் விட்டால், பெரும்பாலும் 99 சென்ட்டுக்கே போகும். சில நேரம் அதற்கும் ஆள் வராது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஈபே ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஈபேயில் ஏலம் கேட்பவர், தான் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்பதை ரகசியமாகப் பதிவுசெய்கிறார். அவருக்காகத் தளமே தேவையான அளவுக்கு மட்டும் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 500 டாலர்வரை போகலாம் என்று பதிந்திருக்கிறார். இன்னொருவர் 320 டாலர் என்று பதிந்திருக்கிறார். முதலாமவர் வெல்வார். ஆனால் அவர் கொடுப்பது 500 அல்ல, 325. இரண்டாமவரின் உச்ச விலையும், அதற்கு மேல் ஒரு படியும்தான் கணக்கு. அந்த இரண்டாமவர் அன்று வரவே இல்லை என்றால்? 500 டாலர் தரத் தயாராக இருந்தவர் 99 சென்ட்டுக்கு வாங்கிக்கொண்டு போவார்.

பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த ‘இரண்டாம் விலை’ முறையை அலசினார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். அவருக்கு வெகுகாலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அமெரிக்கத் தபால்தலை வணிகர்கள் அஞ்சல் வழி ஏலங்களில் இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் உலகத்துக்கு இது புதிதில்லை.

ஆக, விற்பவரின் கவலை முதலாமவரைப் பற்றியதல்ல. அந்த இதழைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் எப்படியும் வந்து சேர்வார். அவருக்கு இணையாகத் துடிக்கும் இன்னொருவர் அதே வாரத்தில், அதே பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. தொடக்க விலை, முடியும் நாள், பட வெளியீடு என்று விற்பவர்கள் பேசும் உத்திகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

தொடக்க விலையை எடுத்துக்கொள்வோம். கில்லியன் கு, ஆடம் கலின்ஸ்கி, கீத் மர்நைகன் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த விலையில் தொடங்கும் ஏலங்கள் பல நேரம் அதிக விலையில் முடிகின்றன என்று காட்டியது. பேரத்தில் பெரிய தொகையைச் சொல்லித் தொடங்கினால் முடிவும் அதை ஒட்டி நிற்கும் என்பது பொதுவான அனுபவம். ஏலத்தில் அது தலைகீழாகிறது. குறைந்த விலை பலரை உள்ளே இழுக்கிறது. ஒருமுறை கேட்டவர் மறுபடி மறுபடி வந்து பார்க்கிறார். கூட்டத்தைப் பார்த்து இன்னும் சிலர் வருகிறார்கள். ஆனால் அந்த ஆய்வாளர்களே ஒரு நிபந்தனையையும் சுட்டுகிறார்கள்: உள்ளே வர ஏதாவது தடை இருந்தால் இந்த விளைவு மங்கிவிடும். பொருளின் பெயரை எழுத்துப்பிழையோடு பதிந்துவைத்தால் தேடுபவர் கண்ணிலேயே அது படாது. அப்போது குறைந்த தொடக்க விலை வெறும் குறைந்த விலையாகவே நின்றுவிடும்.

1974-இல் வந்த ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181-ஆம் இதழ், வுல்வரின் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ். தரச்சான்று பெற்ற பிரதிகளே பத்தாயிரத்துக்கு மேல். அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வாரத்திலும் அதை வாங்கக் காத்திருப்பவர்கள் பலர். இதை 99 சென்ட்டில் தொடங்கலாம். சந்தை விலையை ஒட்டியே முடியும். மாறாக, 1950-களின் பெயர் தெரியாத ஒரு பதிப்பகத்தின் திகில் இதழ் இருக்கிறது. உலகம் முழுக்கச் சில டஜன் பிரதிகள்தான் மிஞ்சியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அபூர்வம்தான். ஆனால் அதைத் தேடும் நான்கு பேரில் மூவர் இந்த வாரம் ஈபே பக்கம் வராமல் போகலாம். இதற்கு ஏலமே பொருந்தாது. விலையைக் குறித்து, பேரத்துக்கு இடம் விட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதே சரி. அபூர்வமான பொருளைத்தான் ஏலம் விட வேண்டும் என்ற எண்ணம் விற்பவர்களுக்கு நிறைய நஷ்டத்தைத் தருகிறது. பலருக்குத் தெரிந்த, விலை நிலைபெற்ற இதழுக்குத்தான் குறைந்த விலை ஏலம் பாதுகாப்பானது.

இரண்டுக்கும் நடுவே ‘ரகசிய ரிசர்வ்’ என்றொரு வழி உண்டு. குறைந்த விலையில் தொடங்கிவிட்டு, இன்ன தொகைக்குக் கீழே தரமாட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு வரம்பு வைப்பது. போகிமான் அட்டைகளை ஜோடி ஜோடியாக ஏலம் விட்டுப் பார்த்த ஒரு கள ஆய்வில், வரம்பை மறைத்து வைத்தவை, அதே தொகையை வெளிப்படையான தொடக்க விலையாக வைத்தவற்றைவிடக் குறைவாகவே ஈட்டின. விற்காமல் திரும்பியவையும் அதிகம். கேட்பவருக்கு எரிச்சல் வருகிறது, போய்விடுகிறார். எனக்கும் இந்த ரிசர்வ் உத்தியில் நம்பிக்கை இல்லை. பயமிருந்தால் பயத்தைத் தொடக்க விலையிலேயே காட்டிவிடுவது நேர்மை.

பயத்துக்கு எவ்வளவு விலை வைப்பது? கடைக்காரர்கள் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. கேட்பதற்கு வரம்பே கிடையாது. மூன்று வருடமாக விற்காத இதழுக்கும் ஆயிரம் டாலர் எழுதி வைத்திருப்பார்கள். விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஈபேயில் இருக்கிறது. அதில் அண்மைக்கால விற்பனைகளை, அதே தரத்துக்கு மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் அடித்துக் காட்டப்படும் தொகை, விற்பவர் முதலில் கேட்டது. கைமாறியது அதைவிடக் குறைவு.

‘அதே தரத்துக்கு’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2000-இல் தொடங்கப்பட்ட, ஃபுளோரிடாவின் சரசோட்டா நகரில் இயங்கும் சி.ஜி.சி. நிறுவனம், காமிக்ஸைச் சோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருகிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘ஸ்லாப்’ என்கிறார்கள். 9.6-க்கும் 9.8-க்கும் இடையே கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட வருவதுண்டு. மேலே சொன்ன ஹல்க் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மார்வெல் நிறுவனம் வாசகர் கடிதப் பக்கத்தில் சிறு முத்திரைப் படங்களை அச்சிட்டு, கத்தரித்து ஒட்டிச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி கத்தரித்தார்கள். இன்று அந்தச் சின்னத் துண்டு இல்லாத பிரதி, அட்டை எவ்வளவு பளபளத்தாலும், விலையில் பாதாளத்துக்குப் போகிறது. தெரியாமல் வாங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் உறையிடாத பிரதியைத் தயங்கித்தான் கேட்பார்கள். தரச்சான்றின் உண்மையான பயன் இதுதான்: முகம் தெரியாத இரண்டாவது ஆளின் தயக்கத்தை அது போக்குகிறது. ஆனால் சான்றுக்குக் கட்டணமும், பல வாரக் காத்திருப்பும் உண்டு. முப்பது டாலர் இதழுக்கு அது வீண்.

விற்பவர்மீதுள்ள நம்பிக்கைக்கும் விலை இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய அஞ்சலட்டைகளை நற்பெயர் பெற்ற ஒரு கணக்கிலும் புதிய கணக்குகளிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார்கள். நற்பெயர்க் கணக்குக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. முதல் விற்பனையிலேயே வீட்டின் மிக விலையுயர்ந்த இதழைப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி நேரம். அமெரிக்க விற்பனையாளர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஞாயிறு இரவு, கிழக்குக் கடற்கரையில் ஒன்பது மணி. கலிஃபோர்னியாவில் அப்போது மாலை ஆறு. இரு கரையும் வீட்டில் இருக்கும் நேரம். (கோடைகாலக் கணக்கில் நமக்குத் திங்கள் காலை ஆறரை.) அறிவுரையில் தவறில்லை. ஆனால் எல்லோரும் அதையே பின்பற்றுகிறார்கள். யூரி சைமன்சன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்தது: உச்ச நேரத்தில் கேட்பவர்கள் கூடுகிறார்கள், விற்பவர்களோ அதைவிட அதிக விகிதத்தில் குவிகிறார்கள், விளைவாக அந்த நேரத்தில் விற்பனை வாய்ப்பும் விலையும் குறைகின்றன.

எனவே நாள் பார்ப்பதைவிடப் போட்டி பார்ப்பது முக்கியம். உங்கள் ஹல்க் 181 முடியும் அதே ஞாயிறு இரவில், அதே தரத்தில் இன்னும் நான்கு பிரதிகள் முடிகின்றன என்றால், உங்களுக்கு வர வேண்டிய இரண்டாவது ஆள் பக்கத்து ஏலத்தில் முதல் ஆளாகிவிடுவார். புதன் இரவு தனியாக முடிவது மேல். உங்களிடமே மூன்று பிரதிகள் இருந்தால் ஒரே வாரத்தில் மூன்றையும் இறக்குவது உங்களுக்கு நீங்களே போட்டியாவது. சில வாரம் இடைவெளி விடலாம். வேறு பிரதி எதுவும் கண்ணில் படாத இதழ் என்றால், ஞாயிறு இரவு தாராளமாகப் போகலாம்.

ஏலம் நடக்கும் வாரத்தில் விற்பவரை அலைக்கழிப்பது இன்னொன்று. ஆறு நாள் போகும், விலை எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும். நம்மூர் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி, யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். ஈபேயில் அந்தக் கூவல் கிடையாது. குறித்த நொடியில் கதவு மூடும். அதனால் அனுபவசாலிகள் கடைசி நொடிகள்வரை கையை வெளியே காட்டுவதில்லை. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் ஈபேயையும், அப்போது அமேசான் நடத்திய ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். கடைசி நேரக் கேள்வி வந்தால் நேரத்தை நீட்டிக்கும் விதி அமேசானில் இருந்தது. அங்கே இந்தக் கடைசி நொடிப் பாய்ச்சல் மிகக் குறைவு. விற்பவர் இதிலிருந்து அறிய வேண்டியது, ஆறாம் நாள் விலை எதையும் சொல்லாது என்பதே. பதற்றத்தில் ஏலத்தை ரத்துசெய்வதும், வெளியே யாரோ தருவதாகச் சொன்ன தொகைக்குச் சம்மதிப்பதும் அந்தக் கடைசி நிமிடத்தைத் தூக்கி எறிவதாகும். நண்பரை விட்டுக் கேட்கச் சொல்வது மோசடி. ஈபே அதைத் தடைசெய்திருக்கிறது. பிடிபட்டால் கணக்கே போகும்.

வாரம் போகட்டும், எந்த வருடத்தில் விற்பது? திரைப்படம் வந்தால் விலை ஏறும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அது படம் வரும்வரை காத்திருப்பதில்லை. ‘எடர்னல்ஸ்’ படத்தை மார்வெல் 2019 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கானில் அறிவித்தது. படம் 2021 நவம்பரில் வந்தது. அந்தக் கதாபாத்திரங்களின் 1976-ஆம் ஆண்டு முதல் இதழ், வதந்தியிலும் அறிவிப்பிலும் ஏறியது. படம் வந்தபின் அந்த விலை நிற்கவில்லை. படம் திரையரங்கில் ஓடும்போது வீட்டு அலமாரிகளில் இருக்கும் பிரதிகளெல்லாம் விற்பனைக்கு வந்துவிடும். வாங்குபவர் கூட்டம் வதந்திக் காலத்தில், விற்பவர் கூட்டம் வெளியீட்டுக் காலத்தில். பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021-இல் ஏறிய சந்தை 2022-லிருந்து இறங்கியபோதும் இதேதான்: விலை இன்னும் ஏறும் என்று வைத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள்.

அளவுக்கு மீறி அச்சிட்டவற்றுக்கு எந்தக் காலமும் உதவாது. 1991-இன் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1992-இல் சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழைப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று உறை பிரிக்காமல் வைத்தவர்கள் ஏராளம். அத்தனை பேரும் வைத்திருக்கிறார்கள், யாருக்கு விற்பது?

மிகப் பெரிய இதழ்கள் ஈபேயை விட்டு, டாலஸ் நகரின் ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்களுக்குப் போகின்றன. 2024 ஏப்ரலில் 8.5 தரமுள்ள ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் அங்கே 60 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தத் தொகையில், வாங்குபவரிடம் நிறுவனம் பெறும் கட்டணமும் அடக்கம். அது ஏலத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கேட்பவர் அதை மனதில் கழித்துக்கொண்டுதான் கேட்பார். ஈபேயிலோ விற்பவரிடமிருந்து 13 சதவீதத்தை ஒட்டிப் பிடிப்பார்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் கடைசியில் குறைவது விற்பவர் கைக்கு வரும் தொகை.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள் சேகரிப்பாளர் வட்டங்களுக்குள் கைமாறுகின்றன. அந்த வட்டம் சிறியது. ஒரு குறிப்பிட்ட இதழை உண்மையில் துரத்துபவர்கள் அதிலும் சிலர். அப்படிப்பட்ட இதழ் உங்களிடம் இருந்தால், ஏலத்தை மறந்துவிடுங்கள். பக்கங்களை எண்ணிச் சரிபாருங்கள், கிழிசலை மறைக்காமல் படம் எடுங்கள், ஒரு விலையைச் சொல்லி அதில் நில்லுங்கள்.