பரணில் இருக்கும் பதக்கம்

வந்தவாசி, ஆரணிப் பக்கம் அசல் சரிகைப் புடவை ஏன் கறுக்கிறது என்பது நெசவு வீட்டாருக்குத் தெரியும். பட்டு நூலில் சுற்றியிருப்பது வெள்ளி. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் அது கறுக்கும். தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பதக்கத்துக்கும் அதே கதைதான்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை போல, நம் வட ஆர்க்காட்டுச் சீமையில் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. முதல் உலகப் போருக்கு, அதாவது 1914 முதல் 1918 வரை நடந்த போருக்கு, பிரிட்டிஷ் அரசு தந்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பளபளக்கட்டும் என்று விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் கறுப்போடு அந்த எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வெண்கலப் பதக்கத்துக்குப் புளி வேண்டவே வேண்டாம்.

பதக்கத்தைச் சுற்றி வைக்க ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. பிவிசி உறையோ, செம்பு கலந்த உலோகத்தில் பச்சைப் பிசுக்கு ஏற்றும். துவைத்து நன்றாக அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், வியர்வை உப்பு கறையாகும். ரிப்பனில் வெயில் படவேண்டாம். நிறம் போனாலும் அதை மாற்றாதீர்கள், தாத்தா நெஞ்சில் குத்தியிருந்த ரிப்பன் அதுதான்.