தென்புலத்தாரும் கீரிமலைத் தீர்த்தமும்

இல்வாழ்வான் பேணவேண்டியோரை எண்ணிய திருவள்ளுவர் தென்புலத்தாரையே முதற்கண் வைத்தார். தெய்வத்திற்குங்கூட இரண்டாமிடமே அளித்தார். புறநானூற்றிலே, பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், போர் தொடங்குமுன் அவ்வரசன் செய்விக்கும் அறிவிப்பொன்றை எடுத்துரைக்கின்றார். பசுக்களும் அந்தணரும் மகளிரும் நோயாளரும் காவலான இடஞ் சென்றடைக என்னும் அவ்வறிவிப்பிலே, முன்னோர்க்குக் கடன் செலுத்தப் பிள்ளை பெறாதவரும் விலகுக என்றோர் உறுப்பும் உண்டு. பிள்ளையில்லாதான் களத்தில் வீழ்ந்தால், அவன் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் நீர்வார்ப்பார் இலராவரன்றோ! இப்பாட்டைப் பல்லாண்டாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆயினும், அதன் பொருள் முழுவதையும் எனக்கு உணர்த்தியது கீரிமலைக் கரையேயாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே உள்ளது கீரிமலை. குடாநாடு முழுவதும் சுண்ணக்கற்பாறை. பெய்த மழை பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியே ஓடி, இங்குக் கடலின் விளிம்பிலே நன்னீரூற்றாய்க் கிளம்புகின்றது. ஒரு சுவருக்கு அப்பால் அலையெறியும் உவர்க்கடல், இப்பால் குளிர்ந்த கேணி. இத்தீர்த்தமாடி நகுலமுனிவர் கீரிமுகமும், மாருதப்புரவீகவல்லி குதிரைமுகமும் நீங்கிய கதைகளை அறியாத வாசகர் இலர், ஆதலின் விரித்திலேன். அருகிலுள்ள நகுலேச்சரம் ஈழத்துப் பஞ்சேச்சரங்களுள் ஒன்று. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மீண்டெழுந்தது.

ஆடியமாவாசையன்று மாவிட்டபுரம் கந்தசுவாமியார் இங்கே தீர்த்தமாட எழுந்தருளுவார். தந்தையை இழந்தார் விரதங்காத்துக் கூடும் நாளும் அதுவே. தாயை இழந்தார்க்குச் சித்திராபூரணை. அன்று கரையெங்கும் குருமார் பாய்விரித்து வீற்றிருப்பர். ஒருவர் எழ மற்றொருவர் இருப்பார். தருப்பையால் முடிந்த பவித்திரம் விரலில் ஏறும். பிண்டம் வைத்தபின் எள்ளும் நீரும் கைவழியே இறங்கும். குருக்கள் பெயர் கேட்பார். தந்தை பெயரை உடனே சொல்வர். பேரனார் பெயரையும் ஒருவாறு சொல்லிவிடுவர். பூட்டன் பெயர் கேட்கும்போதுதான் இளைஞர் பலர் தாய்மாமனின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பர். காணியுறுதியிலே பூட்டன் பெயரைத் தேடிப்பிடிக்கும் நம்மவர்க்கு, எள்ளுந் தண்ணீரும் இறைக்கும்போது அது நினைவுக்கு வாராமை வியப்பேயாம்! விரதம் முடித்து வீட்டிற்குத் திரும்பினால், ஆண்டில் அந்நாளிலே தேடிச் சமைக்கும் காத்தோட்டிக்காய் காத்திருக்கும். அதன் கைப்பும் படையலின் ஓருறுப்பே.

1990 இலே வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். கோயில் போரிலே சிதைந்தது. பல்லாண்டுகள் கீரிமலை நினைத்தபோது செல்லக்கூடிய இடமாக இருக்கவில்லை. இறந்தாரின் சாம்பலை வேறு துறைகளிலே கரைத்தவர் பலர். 2009 இலே போர் முடிந்தது. 2012 இலே நகுலேச்சரத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கரை நமக்கு மீண்டது. கரைக்கு வரவேண்டியவர் எல்லாரும் மீண்டாரல்லர்.

நம்மூர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவுமலர் அச்சிடுவர். அதிலே திதி வெண்பா இடம்பெறும். ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் தளைதட்டாமல் நாலடியுள் அடக்கவேண்டும். பின்வருவார் திதி பிழையாமற் கடனாற்றுதற்கு அதுவே சான்று. இக்காரணம்பற்றித் தமிழ்ப் பண்டிதர் வீட்டுக்கு இழவுவீட்டார் வருதல் இயல்பு. திதியறியாமல் இறந்தார்க்கு அமாவாசை பொது என்பது நூன்முடிபு. எனவே வெண்பா இயலாதார்க்கும் கீரிமலை உண்டு. இறந்தாரோ இருக்கின்றாரோ என்றே அறியப்படாதார்க்கு என் செய்வது?

அண்மையில் ஓர் ஆடியமாவாசையன்று கேணிக்கரையிலே ஒரு குடும்பம் என்னை மறித்தது. 2009 இலே காணாமற்போன ஒருவரின் மனைவி, மகன், தமையனார் ஆகிய மூவர். “பண்டிதர் ஐயா, நீங்களே சொல்லுங்கோ, பெடியனை இருத்தலாமோ, கூடாதோ?” என்றார் தமையனார். தந்தை உயிரோடிருக்க மகன் தருப்பணத்திற்கு இருத்தலாகாது. இருந்தால் தந்தை இறந்தார் என்பதற்கு அவனே சாட்சியாவான். பன்னிரண்டாண்டு காத்திருந்தும் செய்தி கிடையாதாயின், தருப்பையால் உருவமைத்து எரியூட்டிக் கருமஞ் செய்யலாம் என்னும் நூல்விதியை எடுத்துச் சொன்னேன்.

அப்பெண்மணி தலைநிமிர்ந்தார். “நூலிலை இருக்கட்டும், ஐயா. புல்லாலை அவரைச் செய்து கொளுத்தினாப் பிறகு, ஒருநாள் அவர் வந்து படலையடியிலை நிண்டால், நான் என்ன முகத்தோடை திறக்கிறது?”

அதற்கும் நூலிலே விதியுண்டு. கருமம் முடிந்தபின் ஒருவன் மீண்டால், அவனைப் புதிதாய்ப் பிறந்தவனாகக் கொண்டு, பிறப்புச்சடங்கு முதலியவற்றை மீளச் செய்து, தன் மனைவியையே மறுபடியும் மணக்கச் செய்யவேண்டும். இதனையும் சொன்னேன்.

“அப்ப, அந்த நூலை எழுதினவையும் வருவினம் எண்டு நினைச்சுத்தானே எழுதியிருக்கினம்?”

இதற்கு மறுமொழி எந்த உரையாசிரியரிடத்தும் இல்லை. விதியைக் காட்டி அவரை நெருக்குதல் முறையன்று என்றே தமையனாரிடம் கூறினேன். அவரும் வற்புறுத்தினாரல்லர், தம் தந்தைக்குரிய கடனைச் செய்யத் தாமே போய்ப் பாயில் அமர்ந்தார். மகன் பவித்திரம் அணியாமலே கேணியில் மூழ்கியெழுந்தான். தாயும் மகனும் நகுலேச்சரத்துட் சென்று, காணாமற்போனவர் பெயருக்கு அருச்சனைத் தட்டு நீட்டினர். நீத்தார்க்குத் திதி சொல்வதும், இருப்பார்க்கு நட்சத்திரம் சொல்வதும் நம் வழக்கு. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, என்ன நட்சத்திரம் என்று கேட்டார்.

“உத்தரட்டாதி” என்றார் அப்பெண்மணி.