சிக்னலில் கொடுத்த ஆறாயிரம் க்ளெய்ம் ஆகுமா?

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் வண்டி எடுத்தவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கும் பருவம் இது. கெடு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் வேறு வேறு ஊர்களிலிருந்து வருகிறது. சிக்னலில் முன்னால் நின்ற காரின் பம்பரில் இடித்துவிட்டேன். இருவரும் பேசி, ஆறாயிரம் ரூபாயை யூபிஐயில் அனுப்பி அங்கேயே முடித்துக்கொண்டோம். இப்போது படிவம் ‘கடந்த ஆண்டு க்ளெய்ம் உண்டா?’ என்று கேட்கிறது, என்ன போடுவது?

‘இல்லை’ என்றே போடலாம், அது பொய்யாகாது. படிவம் கேட்பது க்ளெய்மை, விபத்தை அல்ல. கம்பெனியிடம் நீங்கள் ஒரு பைசாவும் கேட்காதபோது அது க்ளெய்ம் இல்லாத ஆண்டுதான். விபத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டம் இருந்தால் மட்டும் அதில் உள்ளதை எழுதுங்கள். பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ் மொத்தமும் போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘90 நாள் இருக்கிறதே’ என்று இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை வெளியே எடுத்துவிடாதீர்கள். அந்த அவகாசம் போனஸுக்கு மட்டும்தான், ரோட்டுக்கு இல்லை.

தேர்ட் பார்ட்டிக்கும் ஓன் டேமேஜுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். கடிதங்கள் தொடாத ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. ரோட்டோரத்தில் காசு கைமாறுவதை ஏதோ மனிதர்களின் பழக்கம் போலப் பேசுகிறோம். இன்ஷூரன்ஸின் அமைப்பே நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

போனஸின் ஏற்றம் எல்லோருக்கும் மனப்பாடம்: க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிந்தால் 50. அதற்கு மேல் இல்லை. ஒரே ஒரு க்ளெய்ம் வந்தால் பூஜ்யம். இதைக் கவனமாக ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பரிசு என்று கம்பெனிகள் சொல்லிக்கொள்கின்றன. யார் எப்படி ஓட்டினார்கள் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. ஐந்து முறை இடித்துவிட்டு ஐந்து முறையும் கைக்காசு போட்டு டிங்கரிங் பார்த்தவருக்கு 50 சதவீதம் உண்டு. வீட்டு வாசலில் ஒழுங்காக நிறுத்தியிருந்த வண்டியை இரவில் எவனோ உரசிவிட்டுப் போக, வேறு வழியில்லாமல் க்ளெய்ம் போட்டவருக்கு ஒன்றும் இல்லை. கேட்காமல் இருந்தவருக்குத்தான் சலுகை.

அந்தச் சலுகை போனால் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை ஏஜென்ட்கள் அடுத்த ஆண்டு பிரீமியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுக் கணக்கு வேறு. போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் 5,000 கட்டி வருகிறார். இந்த ஆண்டு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு 10,000. அதன்பின் 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி, ஆறாவது ஆண்டில்தான் பழைய 5,000க்கு வருவார். அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 12,500. ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் சேர்த்தால் 14,750. வண்டி பழசாக ஆக ஐடிவி குறையும், பிரீமியமும் குறையும். ஆகவே கையிலிருந்து போகும் தொகை இதைவிடக் கொஞ்சம் கீழே வரலாம். இடையில் இன்னொரு க்ளெய்ம் வந்தால் கணக்கே மாறும். ஆனாலும் ஒரு ஒற்றை க்ளெய்மின் விலை ஓராண்டு முழுப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு என்பதை மனதில் வையுங்கள்.

புது வண்டிக்காரருக்கு இது இவ்வளவு வலிக்காது. முதல் ஆண்டிலேயே க்ளெய்ம் போடுகிறவருக்கு இதே கணக்கு 5,000 ரூபாயில் முடிந்துவிடுகிறது. 25 சதவீதத்தில் இருப்பவருக்கு 10,500. போனஸ் ஏற ஏற, வாயைத் திறப்பதன் விலையும் ஏறுகிறது. அதிகம் பிரீமியம் கட்டி, கொஞ்சமும் கேட்காமல் இருந்த பழைய வாடிக்கையாளர்தான் கேட்பதற்கு அதிகம் பயப்பட வேண்டியவர். இதை யோசித்து வடிவமைத்தவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை.

இனி கைக்கு வருவதைப் பார்ப்போம். ஆறு வருட வண்டி, பின்பக்க பம்பர் உடைந்திருக்கிறது. பம்பர் 8,000, பெயின்டிங் 5,000, கூலி 2,000, ஆக 15,000 என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக்; வண்டிக்கு என்ன வயதானாலும் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், 4,000 போயிற்று. பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், 625 போயிற்று. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. மிச்சம் 9,375. அதை வாங்குவதற்கு 14,750 வரை விட்டுக்கொடுக்க வேண்டும். ஜீரோ டெப் இருந்து 14,000 கிடைத்தாலும் நஷ்டம்தான்.

இடிபட்டவர் நடுரோட்டில் இறங்கி வந்து ‘காசைக் கொடுத்துட்டுப் போங்க’ என்று நிற்பதற்கு இதுதான் காரணம். அவர் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார். ஆனால் அதைத் தொட்டால் அவருக்கே நஷ்டம்.

சரி, இடித்தவரின் இன்ஷூரன்ஸ் எதற்கு இருக்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் 1இல் நிர்ணயித்த தொகை 3,416 ரூபாய். வழக்கமான கார் பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை பொறுப்பு ஏற்பதாக எழுதியிருக்கும். 7.5 லட்சம்! பம்பருக்கு வேண்டியது 15,000. ஆனால் அதைப் பெறப் போலீஸ் புகார், எப்.ஐ.ஆர்., பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், எதிர்த்தரப்பின் தவறுதான் என்று நிரூபிப்பது என்று வரிசையாகப் போக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துச் சேதமென்றால் விருப்பப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. பம்பருக்காக யார் வாய்தா வாய்தாவாக அலைவார்கள்?

கம்பெனிகளுக்கிடையே இன்னொரு ஏற்பாடும் உண்டு. நாக்-ஃபார்-நாக் என்று துறைக்குள் சொல்வார்கள். யார் இடித்தாலும் அவரவர் கம்பெனி அவரவர் வாடிக்கையாளரின் வண்டியைப் பார்த்துக்கொள்ளும். ஒருவரிடமிருந்து ஒருவர் வசூலிக்கப் போவதில்லை. கம்பெனிகளுக்கு வழக்குச் செலவு மிச்சம். வாடிக்கையாளருக்கு? சும்மா நின்றவர் தன் பாலிசியில் க்ளெய்ம் போட்டுப் போனஸை இழக்கிறார். வந்து இடித்தவர் தன் வண்டியின் கீறலைச் சொந்தக் காசில் சரிசெய்துகொண்டால் அவருடைய போனஸ் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கணக்கைச் சமன்செய்யப் பாலிசிக்குள் வழியே இல்லை. ரோட்டில் கைமாறும் ஆறாயிரம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

இதற்குப் பிறகு பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும். முதல் நிபந்தனை: விபத்து நடந்தால் உடனே எழுத்துமூலம் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது: கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது. சிக்னலில் நீங்கள் செய்தது இந்த மூன்றையும்தான். ‘சாரி சார், என் தப்புதான்’ என்றீர்கள், தருகிறேன் என்றீர்கள், கொடுத்தீர்கள். ஒரு பக்கம் பேசாமல் இருந்தால் 50 சதவீதம் தள்ளுபடி. மறுபக்கம், எங்களிடம் சொல்லாமல் நீ எப்படிப் பேசி முடிக்கலாம் என்று அதட்டல்.

பம்பரோடு முடிந்தவரை இந்த முரண்பாடு யாரையும் கடிக்காது. கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்தாலும் மிச்சமானது அதன் காசு. பணம் வாங்கிக்கொண்டு போனவர் சில மாதம் கழித்துக் கழுத்து வலி என்று தீர்ப்பாயத்தில் மனுப் போட்டால்தான் விஷயம் கனமாகிறது. காயமடைந்த மூன்றாம் நபருக்கு எதிராகக் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களைச் சட்டமே எண்ணிக் கொடுத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம் இல்லை, பெர்மிட் மீறல் போன்றவை அவை. ‘எங்களைக் கேட்காமல் பேசி முடித்தார்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் காயம்பட்டவர் நடுத்தெருவில் நிற்கப்போவதில்லை. ஆனால் ‘என் தப்புதான்’ என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் சான்றாக இருக்கும். கம்பெனி உங்களை நோக்கி அந்த இரண்டாம் நிபந்தனையைக் காட்டவும் கூடும். சம்மன் வந்த அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் சின்ன இடிக்கும் கம்பெனிக்குத் தெரிவித்துவிடலாமே என்று ஒரு வாசகர் கேட்கிறார். தெரிவிக்கலாம், நிபந்தனைப்படி அதுதான் சரி. ஒரு சிக்கல், கால் சென்டருக்குப் போன் போட்டால் நீங்கள் கேட்காமலேயே க்ளெய்ம் எண் போட்டுவிடுவார்கள். அது திறந்தே கிடந்தால் நிலுவை. நிலுவையிலுள்ள க்ளெய்மும் போனஸைத் தடுக்கும். மின்னஞ்சலில் ‘தகவலுக்காக மட்டும்’ என்று எழுதுங்கள். எண் போட்டுவிட்டால், பணம் கேட்கவில்லை என்று எழுதி அதை மூட வைத்து, மூடியதற்கு ஒரு பதிலும் வாங்கிவையுங்கள்.

பேசி முடிக்கத் தகுந்த விபத்து எது என்பதில் நான் கறார். காரும் காரும், தகரமும் பிளாஸ்டிக்கும் மட்டும். டூவீலரில் வந்தவர் கீழே விழுந்துவிட்டால், அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ‘ஒண்ணும் இல்ல சார், நீங்க கிளம்புங்க’ என்றாலும் கிளம்பக் கூடாது. மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வது சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. அங்கே போலீஸ்காரர் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஆயிரம் ரூபாயில் அமுக்கப் பார்ப்பது பின்னால் ஓடிவிட்டதாகத்தான் எழுதப்படும்.

முடித்ததற்கு ஒரு சீட்டு வேண்டும். வெள்ளைத்தாள் போதும். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண்கள், தொகை, ‘வண்டிச் சேதத்துக்காக முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இதே சேதத்துக்கு வேறெங்கும் கேட்க மாட்டேன்’ என்ற வாசகம், கையெழுத்து. யார் தவறு என்று அதில் எழுத வேண்டியதில்லை. ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ‘போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன்’ என்று சிலர் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரிக்கு மதிப்பில்லை. குற்ற நடவடிக்கையை அமுக்குவதற்காகச் செய்த ஒப்பந்தம் கோர்ட்டில் நிற்காது. கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, இரு தரப்பும் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமும் இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இந்த ஆண்டில் ஏற்கெனவே ஒரு க்ளெய்ம் போட்டாயிற்று, இப்போது இன்னொரு இடி. போனஸ் போய்விட்டது, இனி அதைக் காக்க ஒன்றுமில்லை, தாராளமாகப் போடுங்கள்.

இரண்டு இடிகளையும் ஒரே விபத்தாகக் காட்டச் சொல்கிறார் சர்வீஸ் அட்வைசர். அவர் கையெழுத்துப் போடப்போவதில்லை, நீங்கள்தான் போடுகிறீர்கள், வேண்டாம்.

பழைய கம்பெனியில் க்ளெய்ம் வாங்கிவிட்டுப் புதிய கம்பெனியில் ‘இல்லை’ என்று போடலாமா? கூடாது, புதியது பழையதைக் கேட்கும், அடுத்த ஓன் டேமேஜ் க்ளெய்ம் அதோடு போகும்.

போனஸைக் காக்கும் ஆட்-ஆன் எடுத்திருக்கிறேன். மேலே போட்ட கணக்கு உங்களுக்கு இல்லை. எத்தனை க்ளெய்ம் வரை என்று மட்டும் பாருங்கள்.

பேசி முடித்தது பிறகு முறிந்துவிட்டது, இப்போது தாமதமாக க்ளெய்ம் போடலாமா? போடலாம், தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நியாயமான க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று ஐஆர்டிஏ 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, கம்பெனி மறந்திருந்தால் நினைவூட்டுங்கள்.

ஸ்டேஷனில் வைத்துப் பேசி முடித்தோம். சி.எஸ்.ஆர். ரசீது போட்டிருந்தால், முடிந்ததையும் அதே எண்ணில் பதியச் சொல்லுங்கள்.

இடித்தவருக்கு இன்ஷூரன்ஸே இல்லை. முதல் முறையென்றால் 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்பது அவருக்கும் தெரியும். சேதம் வண்டிக்கு மட்டும் என்றால் பேசத் தயங்க மாட்டார்.

காரை விற்றுவிட்டேன், போனஸ் வாங்கியவருக்குப் போகுமா? போகாது, அது உங்களுடையது, சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.