கிடங்குக்கு ஒரு தனி வழி

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், ஷிஃப்ட் மாறும் வேளையில் சற்று நின்று பார்த்தவர்களுக்கு, தொழிலாளரை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகளும், உதிரிபாகங்களைச் சுமந்துவரும் கண்டெய்னர் லாரிகளும், இவற்றினிடையே புகுந்து புறப்படும் ஷேர் ஆட்டோக்களும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்வதில் உள்ள சங்கடம் எளிதில் விளங்கும். பேருந்து பத்து நிமிஷம் தாமதித்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார்; அதோடு சரி. லாரி தாமதித்தாலோ, அதிலுள்ள சாமானை எதிர்பார்த்து அசெம்பிளி லைனே நின்றுபோகலாம்.

இதே சங்கடம் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குள்ளே, குளிரூட்டிய ஓர் அறையிலும் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியதற்கும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டதற்கும் பின்னர் இப்பிரதேசம் எவ்வளவோ மாறிவிட்டது. இக்காலத்து ஆலையில் எந்த வண்டியில் எந்த நட்டு எவ்வளவு விசையோடு முறுக்கப்பட்டது என்பதுகூட க்ஷணந்தோறும் சர்வரில் பதிவாகிறது. ஆனால் அப்பதிவுகள் பெரும்பாலும் சர்வரின் வயிற்றுக்குள்ளேயே தங்குவதில்லை. டிஸ்குகள் நிறைந்த தனிப் பெட்டியாகிய ஸ்டோரேஜில் அவை சேமிக்கப்படுகின்றன. ஒரு சர்வர் பழுதானால் இன்னொன்று வந்து அதே கணக்கை அதே வரியிலிருந்து தொடரலாம் என்பதே இதிலுள்ள சௌகரியம்.

சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்க ஃபைபர் சேனல் என்னும் பழைய ராஜபாட்டை ஒன்று உண்டு. அதற்குப் பிரத்தியேகமான கார்டு, பிரத்தியேகமான ஸ்விட்ச், அதற்கேற்ற செலவு. சர்வரும் டிஸ்க்கும் சில மீட்டர் நீளக் கேபிளில் பேசிக்கொண்டிருந்த ஸ்கசி என்ற பாஷையை அப்படியே உறையிலிட்டு, சாதாரண ஈதர்நெட் கம்பியில் அனுப்பும் ஐஸ்கசி முறை 2004இல் தர நிர்ணயமாக வெளிவந்தபின், நடுத்தர ஸ்தாபனங்களுக்கும் இந்தச் சௌகரியம் கைக்கெட்டியது. விபத்துக்கும் அதுவே வாசலாயிற்று. சாதாரணக் கம்பிதானே என்று, அலுவலகக் கணினிகளெல்லாம் கூடும் அதே ஸ்விட்ச்சில் ஸ்டோரேஜையும் செருகிவிடத் தோன்றுகிறது. மின்னஞ்சல் ஒரு நிமிஷம் பிந்தினால் யாரும் சாவதில்லை. டிஸ்க்கோ சர்வருக்கு மூச்சு மாதிரி. லினக்ஸ் சர்வர் டிஸ்க்குக்கு ஓர் ஆணை இட்டுவிட்டுச் சாதாரணமாக 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கே பழுதாகிவிட்டதோ என்று சந்தேகித்து மீட்பு வேலையில் இறங்கிவிடும்.

ஆகையால் ஸ்டோரேஜுக்கென்று தனி அடாப்டர், தனி முகவரி வரிசை. அந்த அடாப்டரில் கேட்வே என்ற கட்டத்தை வெறுமையாக விடுவது வழக்கம். வெளியூர் போகும் வழி தெரியாதவன் வெளியூர் போகமாட்டான். தன் பெயரை டிஎன்எஸ் ஏட்டில் பதிந்துகொள்ளும் குறியையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிடில் அலுவலகக் கணினிகள் சர்வரைத் தேடிக்கொண்டு இந்தத் தனி வாயிலில் வந்து தட்டி, திறப்பாரின்றி நிற்கும். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நோய் உலகெங்கும் பரவி, ரெனோவின் சில ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தபோது, ஒரகடத்திலும் அதன் பாதிப்பு உணரப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்நோய் தொற்றியது விண்டோஸ் கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வாசல் வழியாகத்தான். தனி வழி ஒன்றே அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லா வாசலும் திறந்திருந்தால் என்னாகும் என்பதற்கு அது ஒரு திருஷ்டாந்தம்.

ஒரு வழி போதாது, இரண்டு வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். அந்த இரண்டும் கடைசிவரை இரண்டாகவே இருக்கின்றனவா என்று பார்ப்பவர்தாம் சிலர். ஒரே கார்டின் இரு போர்ட்களில் இரு கேபிள்களைச் செருகுவது ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு வைப்பதுதான். வீடு இடிந்தால் இரண்டும் போயின. கார்டு இரண்டு, ஸ்விட்ச் இரண்டு, முகவரி வரிசையும் இரண்டு என்று செய்த கெட்டிக்காரர்கள்கூட, இரு ஸ்விட்ச்களையும் ஒரே மின் பலகையில் செருகிவிட்டு நிம்மதியாக உறங்குவதுண்டு. இரு அடாப்டர்களையும் டீமிங் முறையில் ஒன்றாகக் கட்டிவிடும் பழக்கம் மற்ற காரியங்களுக்குச் சரி. ஐஸ்கசிக்கோ, ஒவ்வொரு வழியும் தனித்தனியே நின்று, எது உயிரோடிருக்கிறது என்று சர்வரே அறிந்து நடத்தும் மல்டிபாத் முறையே பொதுவாக உகந்தது.

இனி ஜம்போ ஃப்ரேம் என்ற விஷயம். ஈதர்நெட் ஒரு தடவைக்குச் சாதாரணமாகச் சுமப்பது 1500 பைட்; அதை 9000 ஆக்கினால் லாரி நடை குறையும். அடாப்டர், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் ஆகிய மூன்றும் இதற்கு உடன்பட வேண்டும். நடுவிலுள்ள ஸ்விட்ச் மட்டும் பழைய அளவிலேயே நின்றால் நேரும் விபரீதம் வேடிக்கையானது: சிறு செய்திகளெல்லாம் தடையின்றிச் செல்லும், இணைப்பும் கிடைக்கும், திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும், பெரிய கோப்பை எழுதத் தொடங்கியதும் எல்லாம் உறைந்து நிற்கும். பிங் கட்டளையில் உடைக்காதே என்ற நிபந்தனையோடு 8972 பைட் அனுப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். குறையும் 28 பைட், உறைமேல் எழுதும் விலாசத்துக்கு.

ஐஸ்கசியில் ஒவ்வொரு சர்வருக்கும் நீண்ட பெயர் ஒன்று உண்டு. விண்டோஸ் சர்வரானால் அது இயல்பாகவே ஐக்யூஎன், 1991-05, காம், மைக்ரோசாஃப்ட் என்று தொடங்கும். அந்தக் கம்பெனி தன் இணையப் பெயரைப் பதிந்துகொண்ட மாதம் அது. ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்து 1991 மே என்பதைத் திரையில் படிக்கும் ஒருவருக்கு, ராஜீவ் காந்தி நினைவிடம் கண்முன் வராமல் இராது. யந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. எந்தப் பெயருக்கு எந்த டிஸ்க் உரிமை என்று மட்டும் ஸ்டோரேஜ் பார்க்கும்.

எல்லாம் முடிந்தபின், பெரிய கோப்பு ஒன்று பிரதியாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். உற்பத்தி தொடங்குமுன் இதற்குத் துணிபவர் குறைவு. தொடங்கியபின் யாருமே துணியார். ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிரதி வேலை தொடர்ந்து ஓடினால், பிடுங்கியதைத் திரும்பச் செருகிவிட்டு மற்றதையும் பிடுங்கிப் பார்க்கலாம். செருக மறந்து வீட்டுக்குப் போனவர்களும் இத்தொழிலில் உண்டு.