ஏசியில் கேஸ் தீர்வதில்லை

சமையலறை சிலிண்டர் எரிகிறது, தீர்கிறது, வேறொன்று வந்து சேர்கிறது. தமிழ் வீடுகளில் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக இதுதான் பொருள். அதே சொல் ஏசிக்கும் வந்து ஒட்டிக்கொண்டபோது, தீர்ந்துபோகும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. கத்திரி வெயில் தொடங்கும் வாரத்தில் அறை சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். ‘கேஸ் தீர்ந்துபோச்சு சார்’ என்கிறார். 2,000 ரூபாயோ 3,000 ரூபாயோ கைமாறுகிறது, அறை குளிர்கிறது. அடுத்த கோடையில் மறுபடி அதே பேச்சு, அதே தொகை. இதை ஏதோ இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் போடும் தீனி என்று நினைத்துப் பல வீடுகள் பழகிவிட்டன. ஏசி பழுதுச் செலவைப் பற்றி ஒரு வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால், அது இதுதான்: ஏசியில் கேஸ் தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைத் தேடாமல் ஏற்றிய கேஸுக்குக் கொடுத்த பணம், அதே வழியாக வெளியேறிவிடும்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல, சுமை தூக்கி. வீட்டுக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயிலில் திரவமாகி அந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. கம்ப்ரசர் இந்தச் சுற்றை ஓட்டுகிறது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குச் சாட்சி வேறெங்கும் இல்லை, சமையலறையிலேயே நிற்கிறது. ஃபிரிஜ் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியும் அதற்குக் கேஸ் ஏற்றிய நினைவு பெரும்பாலான வீடுகளில் இருக்காது. அப்படியானால் ஏசிக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை? ஃபிரிஜின் குழாய் முழுவதும் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு மூடப்படுகிறது. ஸ்பிளிட் ஏசியின் இரண்டு பாதிகளை இணைக்கும் செம்புக் குழாயோ உங்கள் வீட்டுச் சுவரில், ஏணி மேல் நின்றபடி, ஒரு மணி நேரத்தில் பொருத்தப்படுகிறது. குழாய் முனையை விரித்து நட் போட்டு முறுக்கும் அந்த இணைப்புகள்தான் கசிவை முதலில் தேட வேண்டிய இடம். வாடகை வீடு மாறும்போதெல்லாம் கழற்றி மாட்டிய ஏசியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று காயிலையே அரித்து நுண்துளை போடுவதும் உண்டு.

ஆகவே கேஸ் ஏற்றுவது என்பது ஒரே வேலை அல்ல, வரிசையாகச் செய்ய வேண்டிய சில வேலைகள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவியோ, குழாயில் நைட்ரஜனை அழுத்தி நிறுத்திப் பார்த்தோ கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அடைக்க வேண்டும். பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியில்தான் கேஸ், அதுவும் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை கிராமைத் தராசில் வைத்து நிறுத்து. பிரஷர் மீட்டரை மட்டும் பார்த்து ‘போதும்’ என்பது பழைய ஏசிகளில் ஓரளவு செல்லும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரும் மாறும். மீட்டர் முள் முழு உண்மையைச் சொல்லாது. கேஸ் அளவுக்கு மேல் போனாலும் கேடுதான்: மின்சாரம் கூடுதலாக இழுக்கும், கம்ப்ரசர் அடிவாங்கும்.

இன்னொரு சங்கடம், கேஸ் குறைந்ததற்கான அறிகுறிகளை வேறு பல சில்லறைப் பழுதுகளும் காட்டும். உள்ளே ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று சொல்வார்கள். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். குழாயடியில் ஃபில்டரைக் கழுவி மாட்டினாலே அது தீர்ந்துவிடக்கூடும். வெளி காயிலில் அழுக்கு படிந்தால் வெப்பம் வெளியேறாமல் குளிர்ச்சி குறையும்; அதற்கு வேண்டியது 500, 600 ரூபாய் அளவிலான ஒரு வாட்டர் சர்வீஸ். இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் கம்ப்ரசர் ‘உம்’ என்று முனகிவிட்டு நின்றுபோனால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கெபாசிட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலே ‘கம்ப்ரசர் போச்சு’ என்று சொல்லிவிட்டால் பேச்சு பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். பாகங்களின் விலையை விட, எந்தப் பாகம் கெட்டது என்ற தீர்ப்பில்தான் நம் பணம் தங்குகிறது அல்லது தொலைகிறது.

இதைப் படிப்பவர்கள் மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவுகட்டினால் அது பிழை. கசிவு தேட அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளுக்கு யார் கூலி தருகிறார்கள்? ‘பார்த்ததற்கா இவ்வளவு?’ என்று கேட்கிறவர்கள், அதே தொகை கேஸ் என்ற பெயரில் பில்லில் வந்தால் வாய் திறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு விலை உண்டு, மூளைக்கு விலை இல்லை என்று நாம் நடந்துகொள்ளும்வரை, மெக்கானிக்கும் பொருளைத்தான் விற்பார். மே மாதத்தில் அவர் கையில் ஒரு நாளைக்குப் பத்து வீடு இருக்கும். மூன்றாம் மாடி வெளிச்சுவரில் கயிறுகூட இல்லாமல் தொங்கி வேலை செய்கிறார். எனவே முதல் மாற்றம் நம் பக்கம் வர வேண்டும். சோதித்துச் சொல்வதற்குத் தனியாகக் கூலி பேசுங்கள். கசிந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஏற்றினார் என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை செலவு கூடும் என்பது உண்மைதான். இரண்டாம் கோடையில் அது திரும்பி வந்துவிடும்.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிட்டால் கவலை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வாரண்டி காலத்தில் அதுதான் சரி. வெளியாள் கைவைத்தால் வாரண்டியே கேள்விக்குள்ளாகலாம். ஆனால் ‘கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி’ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தும் இருக்கும். பெரும்பாலும் அந்த வாரண்டி பாகத்துக்கு மட்டும்தான்; கேஸ், கூலி, போக்குவரத்து நம் தலையில். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இரண்டு வகை உண்டு: பாகங்களையும் சேர்த்தது ஒன்று, வந்து கழுவித் துடைத்துவிட்டுப் போவது மற்றொன்று. இன்வெர்ட்டர் ஏசியில் விலை உயர்ந்த பிசிபி போர்டு அதில் சேருமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மின் அழுத்தம் ஏறி இறங்கினாலும், பல்லி உள்ளே போய் ஒட்டிக்கொண்டாலும் முதலில் பலியாவது அந்த போர்டுதான்.

‘இத்தனை தலைவலிக்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே’ என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது, எல்லா ஏசிக்கும் இல்லை. ஆர்-22 கேஸில் ஓடும் பழைய ஏசியில் காயிலே அரித்துவிட்டிருந்தால் அதற்குப் பணம் போடுவது வீண். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, வளரும் நாடுகள் அந்த வகை கேஸை 2030-ஐ ஒட்டி ஏறக்குறைய முழுவதும் கைவிட வேண்டும். அந்தப் பழைய ஏசியில் வேறு கேஸை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சில மாற்று கேஸ்கள் தீப்பற்றக்கூடியவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் புதியது வாங்குவதற்குச் சாதகம். ஆனால் நான்கைந்து வருட ஏசியில் ஒரு நட் தளர்ந்ததற்காக முழு இயந்திரத்தையும் தூக்கிப் போடுவது சிக்கனமும் ஆகாது, சுற்றுச்சூழலுக்கும் நல்லதல்ல. வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் காற்றில் கலந்தால், அதே எடை கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றுகிறவர், அடுத்த கோடையின் வெயிலுக்கும் கொஞ்சம் பணம் கட்டுகிறார்.

பில் கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த சேவைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே பேச்சு எடுபடுவதும் கையில் காகிதம் இருந்தால்தான். எல்லாவற்றையும் விட மலிவான யோசனை ஒன்று உண்டு. சித்திரையில் வியர்த்து வழியும்போது எந்த விலையையும் ஒப்புக்கொள்வோம். மெக்கானிக்குக்கும் நின்று தேட நேரம் இருக்காது. மாசி மாதத்தில் ஒரு நாள் ஏசியைப் போட்டுப் பாருங்கள். குளிர்ச்சி குறைவாக இருந்தால் அப்போதே கூப்பிடுங்கள். நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கி வர அவருக்கு அவகாசம் இருக்கும், ‘எங்கே கசியுது?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க நமக்கும் பொறுமை இருக்கும்.