குடவோலையும் குருவானவரும்



போன வாரம் பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டான், "ஏன்டா, உங்க சர்ச்சுல ஃபாதர் வேலை பரம்பரையா வருமா?" "இல்லடா, அவங்க கல்யாணமே பண்ணிக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். ஆனால் பரம்பரையாக ஏன் வராது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கேட்டும், பைபிளில் தேடியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

குரு என்பவர் யார்?
மக்களுக்காகக் கடவுளிடம் வேண்டுபவர். கடவுளுடைய வார்த்தையை மக்களிடம் சொல்பவர். பழைய ஏற்பாட்டு காலத்தில் லேவி குலத்தில், ஆரோன் வம்சத்தில் பிறந்தவர் மட்டுமே குரு. ஆலயத்தில் யார் தூபம் காட்டுவது என்று அவர்களுக்குள் சீட்டுப் போடுவார்கள். திருமுழுக்கு யோவானின் அப்பா செக்கரியாவுக்கு அப்படித்தான் சீட்டு விழுந்தது (லூக்கா 1).

உடனே நம்ம ஊர் குடவோலை ஞாபகம் வருதா? முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுப்படி, நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இதெல்லாம் இருந்தவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். இரண்டு இடத்திலும் எல்லார் பெயரும் குடத்தில் இல்லை.

இயேசு எப்படி குரு ஆனார்?
அவர் பிறந்தது யூதா குலத்தில். பழைய சட்டப்படி குருவாகவே முடியாது. ஆனால் எபிரேயர் திருமுகம் அவரைத்தான் தலைமைக் குரு என்கிறது. ஆடு, மாட்டைப் பலி கொடுக்காமல் தன்னையே கொடுத்தார். பிறப்பால் வரும் குருத்துவம் அதோடு முடிந்தது.

அப்போ ஃபாதர் எதற்கு?
நம்பிக்கை கொண்ட எல்லோரும் குருக்களின் கூட்டம் என்கிறது 1 பேதுரு 2. இதை வைத்துத்தான் 1520-ல் மார்ட்டின் லூதர், போதகர் என்பவர் தனிப் பிறவி இல்லை, அவருக்கு இருப்பது தனிப் பணி என்று வாதாடினார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இதை விளக்கியது. திருமுழுக்கு பெற்ற எல்லோருக்கும் பொதுக் குருத்துவம். குருப்பட்டம் பெற்றவருக்குப் பணிக் குருத்துவம். இது மற்றவர்களுக்குத் தொண்டு செய்யத்தான், மேலே உட்காருவதற்கு இல்லை.

ஆனால் நடந்தது என்ன?
1733 டிசம்பர் 28-ல் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டன்ட் சபையில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர் ராஜா படையில் சிப்பாயாக இருந்தவர். நல்ல உழைப்பாளி. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். "அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள்" என்ற பயத்தில் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. 1741-ல் தியோகு என்பவர் போதகர் ஆனார். ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியார்தான். பைபிள் உடைத்த குடத்தை நம்ம ஆட்களே திரும்ப ஒட்ட வைத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் மறைக்காமல் எழுதினேன்.

நண்பா, உன் கேள்விக்கு இப்போ ஒழுங்கா பதில் சொல்றேன்: குருத்துவம் பரம்பரையா வராது. வரவும் விடக் கூடாது!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு